கழிவுக்கு ஒரு கரண்டி

அழகம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டது இரண்டு கிலோவுக்காக. ஓப்பநாயக்கப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபத்திரண்டு வருடம் பறித்தவள். ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்கு ஒரு கிலோ, இலையில் ஒட்டிய தண்ணீருக்கு ஒரு கிலோ என்று கழித்த பிறகே பேருக்கு எழுதுவார்கள். நாலு வாரமாக மழை காணாத ஒரு பங்குனியில் அவள் கேட்டுவிட்டாள்.

"எலையில தண்ணி எங்கங்கய்யா இருக்கு?"

கணக்கப்பிள்ளை தினேஷ் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது வழக்கம்மா" என்றார்.

மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் அவள் பேர் கொடுக்கவில்லை. மூன்று மாதத்துக்குள் திரும்பினால் பழைய பேரிலேயே வேலை, பிந்தினால் கிடையாது என்று தோட்டத்தில் சொல்லியனுப்பினார்கள். அதற்குள் வாத்து வளர்த்து நிமிர்ந்து காட்டுகிறேன் என்று அழகம்மா சொன்னாள். வீட்டுக்குள் சொல்லியிருந்தால் பரவாயில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பீலியடியில், பத்துப் பேர் தண்ணீர் பிடிக்கும்போது சொன்னாள்.

புருஷன் இருளப்பன் ரப்பர் பால் வெட்டுகிறவர். "நீ வாத்தப் பாக்கப்போறியா, இல்ல வாத்து உன்னையப் பாத்துக்குமா?" என்று கேட்டார். கேட்டவர்தான் அடுத்த மாதம் எம்பிலிப்பிட்டியவுக்குப் போய் முப்பத்திரண்டு குஞ்சுகளைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

லயத்துக்குக் கீழே சதுப்பு நிலம். குஞ்சுகளுக்கு அது போதும். தீனிக்குத் தேங்காய்ப் புண்ணாக்கு, தவிடு, மிஞ்சின சோறு. வயிறு நிறையத்தான் தின்றன. ஆறாவது வாரம் பார்த்தால் வளர்த்தி இல்லை, முதுகில் இறகில்லை. முளைத்த இரண்டொன்றையும் ஒன்றுக்கொன்று பிடுங்கித் தின்றன. நோயோ என்று பயந்து கால்நடை அதிகாரிக்குச் சொல்லியனுப்பினாள்.

வந்தவர் கஜந்தினி, யாழ்ப்பாணத்துப் பெண். அழகம்மா வாத்து என்றால் அவர் தாரா என்பார். ஆறு குஞ்சுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நோய் ஒண்டும் இல்லை அக்கா" என்றார். "புண்ணாக்கில பிழை சொல்லேல்லை. ஆனா மெதியோனின், லைசின் எண்டு ரெண்டு அமினோ அமிலம் அதில காணாது. இறகு முளைக்க மெதியோனின் வேணும். அது கிடைக்காட்டித்தான் பக்கத்திலை நிக்கிறதின்ர இறகைப் பிடுங்குதுகள். லைசினுக்குக் கருவாட்டுத் தூள் சேருங்கோ. மற்றதுக்கு இதைப் போடுங்கோ."

ஒரு பை வெள்ளைத் தூளும், நகம் அளவு பிளாஸ்டிக் கரண்டி ஒன்றும் கொடுத்தார். ஒரு கிலோ தீனிக்கு அந்தக் கரண்டியால் தலைதட்டி ஒன்று.

அழகம்மா கரண்டியைப் பார்த்தாள். கொழுந்து மலையில் அவள் படித்த பாடம் ஒன்றுதான். பதினெட்டு எழுதப்பட வேண்டுமானால் இருபது பறிக்க வேண்டும். போட்டது முழுசாகப் போய்ச் சேர்ந்ததை அவள் கண்டதே இல்லை. வாத்து பாதியைச் சிந்தும், மீதியில் கொஞ்சம் தண்ணீரோடு போகும். ஆகவே வீட்டுச் சோற்றுக் கரண்டியால் குவித்து ஒன்று போட்டாள். கழிவுக்கென்று இன்னொன்றும் போட்டாள். எந்த வழக்கத்தோடு சண்டைபிடித்து வேலையை விட்டாளோ, அந்த வழக்கம் அவள் கையை விட்டிருக்கவில்லை.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, வாத்துகள் தீனியைத் தொடவில்லை. தட்டைச் சுற்றி நின்று, வேண்டாத சம்பந்தத்துக்கு வந்தவர்கள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டன. தோட்டத்தில் சொன்ன மூன்று மாதம் திங்கட்கிழமையோடு முடிய இருந்தது.

அவள் போன் எடுத்தாள்.

"மிஸ், நீங்க சொன்ன மாதிரிதான் போட்டேன். திங்க மாட்டேங்குதுங்க."

"எவ்வளவு போட்டனீங்கள்?"

"நீங்க சொன்னதுதாங்க. கழிவுக்குக் கொஞ்சம் சேத்து."

"கழிவோ? ஆர் கழிச்சவை?"

அழகம்மா யோசித்தாள். "யாரும் கழிக்கலீங்க மிஸ்."

"எந்தக் கரண்டியாலை?"

சொன்னாள். கஜந்தினி சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது.

"அக்கா, அது கூடினாலும் கூடாது. கூடினா பசி எடுக்காது, வளராது. அந்தத் தீனி முழுக்கக் கொட்டுங்கோ. தூளை நிப்பாட்டி நல்ல தண்ணி வையுங்கோ. ரெண்டு மூண்டு நாளிலை தின்னத் தொடங்கும். பிறகு என்ர கரண்டியாலை மட்டும்."

"செத்துராதுங்களே?"

"இப்பவே நிப்பாட்டினா சாகாது."

சனி புதிதாகக் கலந்த தீனியையும் தின்னவில்லை. ஞாயிறும் தின்னவில்லை. ஞாயிறு சாயங்காலம் இருளப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கோ போய் வந்தார். அழகம்மா கேட்கவில்லை. பழைய கொழுந்துச் சாக்கை எடுத்து உதறி, கிழிசலைத் தைத்துக் கதவடியில் வைத்தாள்.

திங்கட்கிழமை விடியும்போது கீழே சத்தம் கேட்டது. அவள் இறங்கிப் போனாள். முப்பத்திரண்டும் தீனித்தட்டில் ஏறி நின்றன. ஒன்று கழுத்தை இன்னொன்றின் வயிற்றுக்கடியில் விட்டுத் தீனியை அள்ளிக்கொண்டிருந்தது. தட்டு காலியானதும் அவள் கால்விரலைக் கொத்தின. வலித்தது. அவள் காலை எடுக்காமல் நின்றாள்.

மேலே பெரட்டுக்குக் கூப்பிடும் சத்தம் வந்தது. இருளப்பன் பால்வாளியோடு படியில் நின்றார்.

"தினேஷ் ஐயாகிட்ட ஆள அனுப்பி, நான் வரலனு சொல்லணுங்க" என்றாள்.

"நேத்தே சொல்லிட்டேன்."

"நேத்து அதுக திங்கவே இல்லையே?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா போய்ச் சொன்னீங்க? அதுக செத்திருந்தா நான் எங்க போய் நிப்பேன்?"

இருளப்பன் வாளியைக் கீழே வைத்து, அது சாயாமல் இருக்கிறதா என்று தேவைக்கு மேல் கவனமாகப் பார்த்தார். "வேற குஞ்சு வாங்கிட்டு வந்திருப்பேன். பஸ்ல போற வழி தெரியும்தானே."

திட்டுவதற்கு அவளுக்கு நிறைய இருந்தது. வாத்துகள் போட்ட சத்தத்தில் எதையும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. வாத்துகள் குடிக்கும் தண்ணீர்த் தாச்சியை அவர் கையில் கொடுத்தாள்.

"தண்ணி மாத்தி வச்சிட்டுப் போங்க. கலங்கிக் கெடக்கு."

அவர் பால் வெட்ட அன்றைக்குப் பிந்தித்தான் போனார்.