நெரைராகம்

அலோர் ஸ்டாருக்குக் காலை ஏழு மணிக்கு வரவேண்டிய ரயில் பத்துக்கு வந்தது. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு இரண்டு கொடுத்துச் சீட்டு வாங்கினேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முனியாண்டி, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். ரயில்பாதை போட ஜப்பான்காரர்கள் அவரைச் சயாமுக்குக் கொண்டுபோய், கால்புண் பெரிதானதும் இனி உதவமாட்டார் என்று விட்டுவிட்டார்களாம். தோட்டம்வரை அவருக்கு ஒரு தோள் வேண்டும். எனக்கு ஒரு வேளைச் சாப்பாடு வேண்டும். குரூணில் இறங்கி நான்கு மைல் நடந்தோம். கேட்டதற்கு மட்டும் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார்.

பிற்பகல் இரண்டு மணிக்குத் தோட்டத்து லயத்தை, கூலிகளின் வரிசை வீடுகளை, அடைந்தோம். அவர் மனைவி செல்லம்மா அழுது முடித்துவிட்டு மரவள்ளிக்கிழங்கு வேகவைத்தாள். அங்கே எல்லோர் பேச்சும் பாட்டுப் போல இருந்தது. சொல்லின் வால் ஏறி, வளைந்து, மெல்ல இறங்கும்.

"இதுக்கு நெரைராகம்னு பேருண்ணே. கூலிம் ஊர்ப் பக்கத்து ஆளுங்க கேலிக்கு வச்சது. நாங்களே எடுத்துக்கிட்டோம்" என்றாள்.

பால்மர வரிசைக்கு அங்கே நெரை என்று பெயர். விடியுமுன் ஆளுக்கொரு நெரையில் வெட்டும்போது, புலிப் பயத்துக்கு ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வார்களாம். சுருக்கமாகக் கத்தினால் சத்தம் மரங்களுக்குள் அடங்கிவிடும். இழுத்தால்தான் போய்ச் சேரும். அந்த இழுப்பு வீட்டுப் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. இப்போது பால் வாங்க ஆளில்லை, வெட்டும் இல்லை. ராகம் நிற்கவில்லை.

பக்கத்து வீட்டு ராக்காயி எட்டிப் பார்த்து முனியாண்டியைக் கேலி செய்தாள். "யாருடீ...ஈ இந்த ஆபீசுக் கிராணி? மொட்டையாப் பேசுறாரே...ஏ!"

செல்லம்மா சிரிக்கவில்லை.

"சயாம்ல சத்தம் போட்டா அறை விழும்" என்றார் முனியாண்டி, தட்டைப் பார்த்தபடி.

அவர் படுத்த பிறகு அவள் என்னிடம் சொன்னாள்: "முன்னெல்லாம் கோவிச்சாக்கூடப் பாட்டாத்தான் கோவிப்பாருண்ணே. ஆளு வந்துருச்சு. மனசு வந்துச்சான்னு தெரியல லா."

மாலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். வழிக்குக் கிழங்கு பிடுங்கித்தர நெரைகளுக்கு அப்பாலுள்ள கொல்லைவரை வந்தாள். மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், நடுவில் உடைந்து, வந்தது.

"செல்லம்மோ...ஓ..."

"கூப்பிடுறாரும்மா" என்றேன்.

மண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இருங்கண்ணே. இன்னொரு தரம் கூப்பிடட்டும்."

"செல்லம்மோ...ஓ...ஓ! காது கேக்கலயாடீ...ஈ?"

"கேக்குது...உ! கத்தாதீங்க...அ!"

நான் குரூண் சாலையில் ஏறும்வரை இருவரும் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் சொற்கள் பிடிபடவில்லை. ராகம் வந்துகொண்டே இருந்தது.