கப்பலில் இரண்டு பெண்கள்

“விண்கப்பல் கணக்கெல்லாம் கச்சிதம். ஆம்பள மூளைக்குத்தான் இதெல்லாம் ஓடும்” என்று சொல்லிக்கொண்டே தலைவர் தட்டச்சுப் பிரதியை மேசைமேல் வைத்தார். விஞ்ஞானக் கதை வாசகர் சங்கத்தின் ஆண்டுத் தொகுப்புக்கு வந்த கதை அது. மூலையில் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த செயலாளர் தலை நிமிரவில்லை. சங்கத்தில் அவள் ஒருத்திதான் பெண். சொந்தப் பெயரில் அவள் கொடுத்த மூன்று கதைகளைச் சமையலறை வாசம் அடிக்கிறது என்று திருப்பியிருந்தார்கள். இந்தக் கதையை ஆண் பெயரில் அனுப்பியவளும் அவள்தான்.

“ஆனா கப்பல்ல ரெண்டு பொம்பளைங்க குடும்பம் நடத்துறாங்களே, அதான் தொண்டையில முள்ளா நிக்குது” என்றார் துணைத்தலைவர்.

“அதே கதையில வர்ற எட்டுக்கால் ஜந்துவ நம்புறீங்க, இத நம்ப மாட்டீங்களா சார்?” என்று அவள் கேட்டுவிட்டாள்.

தலைவர் சிரித்தார். “நீயும் அந்த நர்சம்மாவும் ஒரே வீட்லதான இருக்கீங்க. நாங்க ஏதாவது தப்பா நெனச்சமா? இது வேறம்மா.”

இன்னும் ஒரு வார்த்தை பேசினால் பேச்சு தன் வீட்டுக்குள் நுழைந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. மறுபடி குறிப்பேட்டில் குனிந்தாள்.

“ஒருத்திய ஆம்பளையா மாத்தினா போட்டுக்கலாம்னு அந்த ஆளுக்கு ஒரு லெட்டர் எழுதும்மா. உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும்.”

ஒருமனதாக முடிவெடுக்கப்பட்டது என்று அவள் குறிப்பில் எழுதினாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில், தனக்கே எழுதிய அந்தக் கடிதத்தை அஞ்சல் பெட்டியில் போட்டாள். அச்சகத்தில் மாலைவரை மெய்ப்புத் திருத்தினாள். வீட்டில் நர்ஸ் சாப்பாடு போட்டுக்கொண்டே கதை என்னாச்சு என்று கேட்டாள்.

“லெட்டர் வரணும்” என்றாள். பிறகு இருவரும் சாப்பிட்டார்கள்.