வெயிலின் மேல் போட்ட பழி

தாவரவியலில் முதுகலை படித்தவன் நான். தொண்ணூறுகளின் கடைசியில் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் வளாக அதிகாரியாக இருந்தேன். மதிலுக்குள் நாலைந்து ஏக்கர் புல்வெளி. கொழுக்கட்டைப்புல், அருகு, இடையிடையே தும்பை. அதை அறுத்துப்போகத் திருவொற்றியூரிலிருந்து ஓர் அம்மாள் வருவார். வீட்டில் இரண்டு எருமைகள். அந்தப் பால்தான் பிழைப்பு. ஒரு நாள் ஒரு மூலை, மறுநாள் வேறொன்று. விதை உதிர்ந்த இடத்தில் மட்டுமே அரிவாளை வைப்பார், அதுவும் தரையிலிருந்து நான்கு விரல் விட்டு.

எனக்கு அந்த மேடுபள்ளம் அசிங்கமாகத் தெரிந்தது. கோடையில் மேலதிகாரிகள் பார்வையிட வருவார்கள். அதற்காக, சித்திரை வெயிலில் இயந்திரம் வைத்து மொத்தத்தையும் தரையோடு ஒட்ட வெட்டவைத்தேன். அந்த அம்மாளை உள்ளே விடவேண்டாம் என்று காவலரிடம் சொன்னேன். வந்தவர்கள் காரைவிட்டு இறங்கவே இல்லை.

மூன்று கோடைகள் இப்படியே. வெயிலும் வருடத்துக்கு வருடம் ஏறியது. மூன்றாம் வருட மழைக்கு நெருஞ்சியும் பார்த்தீனியமும்தான் முளைத்தன. அப்போது அந்த அம்மாள் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா சார், திருப்பதிக்கு வேண்டிக்கினியா? தரைக்குப் போய் மொட்ட போட்டுக்கீற?"

"வெயில் அப்படிம்மா. வருஷா வருஷம் ஏறுது, புல்லு தாங்கல."

அவர் பம்பு அறையின் பின்பக்கத்தைக் காட்டினார். குழாய்கள் குறுக்கே ஓடுவதால் இயந்திரம் நுழையாத இடம். முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப்புல் ஆடிக்கொண்டிருந்தது.

"அங்க மட்டும் வேற சூரியனா கீது?"

காவலர் சிரிப்பை மறைக்க இருமினார். புல் தன் வேருக்குத் தானே நிழல் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். வெயில் ஏறியது உண்மை. ஏறும் வெயிலில் அந்த நிழலைச் சிரைத்து எறிந்தவன் நான்தான். ஆனாலும் அலுவலக அறிக்கையில் வெயிலை மட்டுமே எழுதினேன்.

இரண்டு மாதம் மனசு உறுத்தியபின் அவர் வீட்டுக்குப் போனேன். "பம்பு அறைப் பக்கம் வந்து அறுத்துக்கோம்மா. காவலர்கிட்ட சொல்லிட்டேன்" என்றேன்.

கொட்டகை காலியாக இருந்தது. அவர் டீ போட்டுக் கொடுத்தார்.

"பாக்கெட்டு பாலு சார், கோச்சுக்காத. உன் நெருஞ்சி எருமைங்களுக்குப் புடிக்கல. வித்துட்டேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். டீ நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.