டாப்னியாவுக்கு என்ன கொடுப்பது

மாடியில் பாதியாக அறுத்த ஒரு நீல ட்ரம். அதற்குள் டாப்னியா. ஊசிமுனைக்குக் கண்ணும் காலும் முளைத்ததுபோல, தண்ணீருக்குள் தத்தித் தத்தி ஏறி இறங்கும் உயிர்கள். அவற்றின் வயிற்றுக்கு எதைக் கொடுப்பது என்று யோசித்தே எனக்குப் போன கோடை தீர்ந்தது.

டாப்னியா மேல் எனக்குப் பிரியம் ஒன்றுமில்லை. கீழே கண்ணாடித் தொட்டியில் ஃபைட்டர் மீன் பொரித்த குஞ்சுகள் இருந்தன. அசைகிற இரையைத்தான் தின்பேன் என்று அடம்பிடிக்கிற குஞ்சுகள். ட்ரம்மில் டாப்னியா பெருகினால் குஞ்சுகளுக்கு இரை, அவை பிழைக்கும். பெருகாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

வண்ணமீன் கடை அண்ணாச்சி ஈஸ்ட் போடச் சொன்னார். பேக்கரியில் கெஞ்சி வாங்கி வந்து கரைத்து ஊற்றினேன். மறுநாள் தண்ணீர் பால்போல் வெளுத்து, புளித்த மாவின் வாடை. பாதி உயிர்கள் அடியில். கை மிஞ்சிப் போச்சு என்றார் அண்ணாச்சி, சாம்பாருக்கு உப்பைச் சொல்வதுபோல. சோயா மாவு என்றது ஒரு வீடியோ. சாணிக் கரைசல் என்றது இன்னொன்று. ஸ்பைருலினா என்கிற சுருள்பாசி மாத்திரையை உடைத்துத் தூவினேன். அது பச்சைச் சேறாக அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. என் மனைவி துணி காயப்போட வந்தவள், மூக்கைப் பொத்திக்கொண்டே நின்றாள்.

"மீன்காரி வாசல்ல வந்து கூவுத ஊருல, மீனுக்குச் சோறு தேடி அலையுதிய."

எல்லோரும் ஒத்துப்போன ஒரே தீனி, பாசி ஊறிய பச்சைத் தண்ணீர். பழைய தொட்டித் தண்ணீரை வெயிலில் வைத்தால் தானாகப் பச்சையாகுமாம். மாடிச் சுவரோரம் பாட்டில்களை வரிசையாக நிறுத்தினேன். உப்பளத்தில் கடலையே காய்ச்சி வெள்ளையாக்குகிற வெயில், என் பாட்டிலில் ஒரு துளி பச்சையை வைக்க மறுத்தது. குஞ்சுகளின் வயிறு ஒட்டிக்கொண்டே போனது. நான் மாடிக்கும் கீழுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

இறால் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை பார்க்கிற என் மைத்துனன் காதில் இது விழ, பைக்கில் ஒரு கேன் கட்டிக்கொண்டு வந்தான். மூடியைத் திறந்தான். அப்படி ஒரு பச்சை! மழை கழுவிய வாழை இலையைப் பிழிந்து வைத்ததுபோல. நான் எதுவும் கேட்கவில்லை. குவளை குவளையாக ட்ரம்மில் ஊற்றினேன்.

சற்று நேரத்தில் தத்தல் நின்றது. ஏறியது இறங்கியது எல்லாம் மெல்ல அடிக்குப் போயிற்று. மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். கேனில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்புல்லா இது."

எங்கள் வீட்டில் தண்ணீர் பிடித்துவைக்க இரண்டு ட்ரம் உண்டு, நல்ல தண்ணீருக்கு ஒன்று, உப்புத் தண்ணீருக்கு ஒன்று. எந்த வீட்டுக் குடத்தைத் தொட்டாலும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இந்த ஊரில் மறுவேலை. இறாலுக்கு வளர்க்கிற பாசி கடல் பாசி என்பது இங்கே யாருக்குத்தான் தெரியாது? எனக்கும் தெரியும். பச்சையைக் கண்டதும் நாக்கு மறந்துபோனது.

மைத்துனன் தலையைச் சொறிந்தான். "நீங்க பச்சையைத்தான தேடினிய அத்தான். உப்பான்னு கேக்கலையே."

அவனிடம் கோபப்படக்கூட எனக்கு வக்கில்லை.

அவித்த முட்டையின் மஞ்சளைப் பொடித்துத் தொட்டியில் போட்டேன். குஞ்சுகள் திரும்பிப் பார்க்கவில்லை. நாளுக்கு நாள் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் செத்து மிதப்பதும் இல்லை. பசியில் கரைந்தே போகுமோ என்று குழம்பினேன். ஒரு காலையில் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி நின்றபோது தெரிந்தது. ஒன்று மட்டும் கொழுத்திருந்தது. அதன் வாயோரம் இன்னொன்றின் வால் துடித்துக்கொண்டிருந்தது.

மிச்சமிருந்தது அது ஒன்றுதான். தனியே ஒரு ஜாடியில் விட்டேன். இனி இதுக்கு என்ன கொடுக்கப் போறிய என்று மனைவி கேட்டாள். ட்ரம்மைக் கவிழ்த்துக் கழுவலாம் என்று மாடிக்குப் போனேன்.

சுவரோரத்துப் பாட்டில்கள் அத்தனையும் பச்சையாகியிருந்தன. ஒன்றில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர்.