எங்கள் மதிலோரம் இறங்குபவர்

கோயமுத்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர் காவலாளி. எங்கள் வடகரப்பதியிலிருந்து தினமும் சைக்கிளில்தான் போய்வருவார். மெலிந்த உடம்பு, காக்கிச் சட்டை. செயினில் மாட்டாமலிருக்க வலது கால்சட்டை நுனியில் ஒரு ரப்பர் வளையம் போட்டிருப்பார். எங்கள் வீட்டு மதில் தொடங்கும் இடத்தில் இறங்கி, மதில் முடியும்வரை தள்ளிக்கொண்டு போய், பிறகுதான் ஏறி மிதிப்பார். அவர் சாதிக்காரர்கள் எங்கள் வாசலைச் சைக்கிளில் கடக்கக் கூடாது என்று யாரும் இப்போது வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்பா வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

எனக்கும் வேலை கோயமுத்தூரில்தான். ஒருநாள் காலை குனியமுத்தூர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். சைக்கிளில் வந்தவர் என்னைப் பார்த்ததும் நடுரோட்டிலேயே இறங்கிவிட்டார். பின்னால் ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டது. ஓரத்துக்கு வந்தவரிடம் கேட்டேன்.

“ஏனுங்க, இது கோயமுத்தூருங்க. இங்க எதுக்குங்க எறங்கறீங்க?”

“இங்க எறங்காமப் பழகீட்டா அங்கயும் மறந்துருவனுங்க, அம்மிணி. எங்க ஊடு உங்கய்யன் தோட்டங்காட்டுலதானுங்களே இருக்குது.”

அப்பாவிடம் பேசிவிடுவதென்று எத்தனையோ தடவை போய் நின்றிருக்கிறேன். அவர் நிமிர்ந்து பார்த்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை.

அதனால் இப்போதெல்லாம் காவலாளி சைக்கிளில் வரும் நேரத்துக்கு நிறுத்தத்து விளம்பரப் பலகைக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறேன். அவர் பெல்லடித்தபடி, மிதித்துக்கொண்டே கடந்து போகிறார். பலகைக்குக் கீழே என் கால்கள் தெரியத்தான் செய்யும். பார்த்தும் பார்க்காததுபோலப் போகிறாரோ என்னவோ.