சந்தைக்குச் சந்தை உயிர்த்த கணக்கு

நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனதும், மாப்பிள்ளையோடு எடுத்த படங்கள் கிடந்த என் சமூக வலைத்தளக் கணக்கை அழித்தேன். எங்கள் நெல்லிவாசலில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. வாரச் சந்தைக்கு ஜமுனாமரத்தூர் போகும்போதெல்லாம், போய்விட்டதா என்று உள்ளே நுழைந்து பார்ப்பேன். படங்கள் அப்படியே இருக்கும்; மறுபடி அழிப்பேன். மூன்றாவது சந்தையன்று ஜெராக்ஸ் கடை அக்காவிடம் அழுதேவிட்டேன்.

"இன்னாம்மா நீ! உள்ள போனாலே அழிச்சது ரத்தாயிடும். மறுபடி அழிச்சிட்டு ஒரு மாசம் தொடாத வுடு," என்றார். நான் அழித்து முடிக்கும்வரை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாதம் இருந்தேன். பிறகு அவரே தன் போனில் என் பெயரைத் தேடினார்.

"அப்பிடி யாருமே இல்லம்மா."

என் விவரங்களை அந்த நிறுவனம் உண்மையிலேயே அழித்ததா, தெரியாது. அக்கா தன் மனதிலிருந்து அழித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை.