கூய் என்றால் நில்

தோழிகளே, பள்ளிக்கு வந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

இன்று காலை நானும் செல்வியும் தேயிலைக் காட்டு வழியே பள்ளிக்கு வந்தோம். செல்வி போடியிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றுக்குக் குடிவந்து சில நாள்தான் ஆகிறது. மூடுபனியில் பாதையின் வளைவு தெரியவில்லை.

மேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மாரியக்கா சட்டென்று கத்தினார். "கூய்!"

நான் நின்றுவிட்டேன். பக்கத்தில் யானை நிற்கிறது, அசையாதே என்று அர்த்தம். அகராதியில் தேடியிருக்கிறேன், இல்லை. சிறு வயதில் அந்தச் சத்தம் கேட்டதும் அம்மாவின் கை என்னை இறுக்கும். அப்படித்தான் எனக்கு அது தெரிந்தது.

செல்வி நடந்துகொண்டே இருந்தாள். எட்டிப் பின்னலைப் பிடித்து இழுத்தேன்.

"விடுடி! யாரோ யாரையோ கூப்புடுறாக, நமக்கென்ன?"

அவள் வாயைப் பொத்தினேன். வளைவில் கிளை முறிந்தது. பனிக்குள் கறுப்பாக ஒன்று பாதையைக் கடந்து சரிவில் இறங்கியது. அது மூச்சு விடுவது எங்களுக்குக் கேட்டது.

மாரியக்கா ஓடிவந்தார். செல்வி அழுதாள். "ஆனைன்னு சொன்னா என்னக்கா?"

"ஆனைன்னா நீ ஓடுவ. ஓடுனா அது விரட்டும்டி, கழுத!"

எனக்கு இப்போது வேறு பயம். உங்கள் எஸ்டேட்டுகளில் எனக்குத் தெரியாத சத்தங்கள் எத்தனையோ? வகுப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் இந்தத் தாளின் கீழே, உங்கள் லயத்தில் என்ன கத்துவீர்கள் என்று எழுதுங்கள்.

அதுவரை பொங்கலுக்குக் கூப்பிட்டாலும் யார் வீட்டுக்கும் நான் வரமாட்டேன்.